அலாரம் வந்த வருஷத்துப் பங்குனி உத்திரம்

எங்கள் தெருவில் திருடனை நம்பி முதன்முதலில் பணம் செலவழித்தவர் என் அப்பாதான். அம்பாசமுத்திரத்தில் ஆற்றுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி எல்லாம் ஊரில் எல்லோர் வீட்டிலும் இருப்பதுபோலத்தான் இருந்தன. அப்பாவுக்கு அது போதவில்லை. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். எதையும் இன்னொரு கையெழுத்து இல்லாமல் நம்ப மாட்டார்.

முதலில் கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டினார். எங்களிடம் ஒரு நாய்கூட இல்லை. பன்மையில் எழுதினால் பயம் கூடும் என்பது அவர் கணக்கு. அடுத்ததாக, வீட்டில் வாட்டசாட்டமான ஆள் ஒருவர் இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்று பத்தாம் நம்பர் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வாசலில் போட்டார். அப்பாவின் கால் ஏழாம் நம்பர். கொஞ்ச நாளில் அந்தச் செருப்பையே எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்கள் வீட்டில் அதுவரை திருட்டுப்போன ஒரே பொருள், திருடனைப் பயமுறுத்த வாங்கியதுதான்.

இதையெல்லாம் விட அப்பா நம்பியது அத்தையை. அத்தை அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. ஏரலில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்து, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டோடு இருந்தாள். மாமா துபாயில் இருப்பதாக எனக்கும் தம்பிக்கும் சொல்லியிருந்தார்கள். அத்தையின் கல்யாண நகைகள் அம்மாவின் பீரோவில் இருந்தன. பேங்க் லாக்கருக்குச் சொல்லிவைத்திருந்தோம். இன்னும் எங்கள் முறை வரவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, குடும்பத்தோடு கிளம்பும்போதெல்லாம் "வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்லா" என்பார் அப்பா. அந்த ஆள் யார் என்று பேச்சே வந்ததில்லை. அத்தை கேட் வரை வந்து, என் பின்னலைச் சரிசெய்துவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அத்தைக்குக் கூட்டம் ஆகாது, வீட்டில் இருக்கத்தான் பிடிக்கும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்தன்று ஊர் காலியாகிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலசாமியாக ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ எங்கே இருந்தாலும், அன்றைக்கு அங்கே போய்ப் பொங்கலிட்டுக் கும்பிட்டாக வேண்டும். எங்கள் சாஸ்தா சாத்தான்குளத்துக்கு அந்தப்பக்கம் பனங்காட்டுக்குள் இருந்தார். இதெல்லாம் திருடர்களுக்கும் தெரிந்த விஷயம். முந்தின வருஷம் உத்திரத்தன்று பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, காவலுக்கு இருந்த பெரியவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டு, இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து அப்பாவுக்கு நிம்மதி போயிற்று. "ஒத்தப் பொம்பளப் பிள்ளைய விட்டுட்டுல்லா போறோம்" என்று அம்மாவிடம் புலம்பினார். நகையைவிட அத்தையைப் பற்றித்தான் அந்தக் கவலை. அப்பாவுக்காக இதைச் சொல்லியாக வேண்டும்.

அப்படித்தான் அலாரப் பெட்டி வந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் நேரில் வந்து மாட்டிக் கொடுத்தார். முன்கதவிலும் பின்கதவிலும் காந்தம். முன்னறைச் சுவரில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் கண். வெளியே சன்ஷேடுக்கு அடியில் சைரன். சைரன் அடித்தால் அப்பாவின் செல்போனுக்கும் அழைப்பு வரும். நாலு எண்களைச் சரியாக அழுத்தினால்தான் சத்தம் உடனே நிற்கும். மறந்துபோகக் கூடாது என்று அப்பா அந்த எண்களைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, காலண்டர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார்.

"இனி ஒண்ணுக்கும் கவலப்படாதிய. காத்து நுழைஞ்சாலும் இது கத்திரும்" என்றார் அண்ணாச்சி.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. பல்லி ஓடினால் கத்தியது. திரைச்சீலை ஆடினால் கத்தியது. முதல் தடவை தெருவே திரண்டு வந்தது. இரண்டாம் தடவை எதிர்வீட்டு வாத்தியார் மட்டும் வேட்டியை இறுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரவர் சோலியை அவரவர் பார்த்தார்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்பா வெறுத்துப்போய்ச் சொன்னார். அத்தை விடவில்லை. யாரும் கேட்காமலே அந்தப் பெட்டிக்கு அவள் பொறுப்பெடுத்துக்கொண்டாள். திரைச்சீலையைக் கழற்றி மடித்துவைத்தாள். சாயங்காலமானால் விளக்குமாற்றோடு சுவர் சுவராகப் பல்லி விரட்டினாள். எண்களை அழுத்தி நிறுத்தத் தானும் பழகி, அம்மாவையும் பழக்கினாள். அத்தைக்குப் பல்லி என்றால் இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா வழக்கம்போல், "வீட்டுக்கு ஒரு ஆள்..." என்று ஆரம்பித்தார்.

"அதான் பெட்டி இருக்குல்லா அண்ணே. பெறகு நான் எதுக்கு?" என்றாள் அத்தை. கையில் தேய்த்து மடித்த பச்சைப் புடவை இருந்தது.

அத்தைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அப்பா வாங்கிய பெட்டி, அத்தைக்குப் பதிலாக வேலைக்கு வந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை. உதவிக்கு அம்மாவைப் பார்த்தார். "வரட்டுமே, வேன்ல இடமா இல்ல?" என்றுவிட்டு அம்மா அரிசி அளக்கப் போய்விட்டாள்.

மறுநாள் வேனில் ஜன்னலோரம் அத்தைதான் உட்கார்ந்தாள். அந்த இடத்துக்காக நானும் தம்பியும் போட்ட சண்டையை அவள் காதிலேயே வாங்கவில்லை. செம்மண்ணும் பனையுமாக வர ஆரம்பித்ததும் சின்னப்பிள்ளை மாதிரி தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள்.

கோவிலில் சொந்தக்காரர்கள் கூட்டம். அத்தை பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குச் சித்தி முறை ஆகிற ஒரு அம்மாள் வந்து, "ஏட்டி, உன்னப் பாத்து எத்தன வருசமாச்சு! மாப்பிள எங்கன இருக்காரு? வரலியா?" என்று உரக்கக் கேட்டாள்.

விறகு ஒடித்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது. இத்தனை வருஷம் அவர் அத்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தது இந்த ஒரு கேள்வியிடமிருந்து அவளைக் காப்பாற்றத்தான்.

அத்தை அகப்பையை நிறுத்தவில்லை. "அவரு வேற கல்யாணம் முடிச்சிட்டாருல்லா சித்தி. அந்த வெல்லத்த இங்கன தள்ளுங்க" என்றாள்.

சித்தி வெல்லத்தைத் தள்ளினாள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மாமா துபாயில் இருக்கும்போது அத்தை சாமி சந்நிதியில் வைத்து இப்படிப் பொய் சொல்கிறாளே என்று எனக்குத்தான் பகீரென்றது.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். வீட்டில் அலாரம். உடனே எதிர்வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டார். அவர் தென்காசிப் பக்கம் தம் சாஸ்தா கோவிலில் இருந்தார். மேளச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். அங்கேயும் மேளம். தெரு முழுக்கக் கூப்பிட்டும் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு சாஸ்தாவின் மேளம்தான் கேட்டது. உத்திரத்துக்காக வாங்கிய அலாரத்தை உத்திரத்தன்று கேட்பதற்குத் தெருவில் ஆளில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போலீஸ் ஸ்டேஷனில், ஆள் வந்ததும் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

"கெளம்புங்க, கெளம்புங்க" என்று அப்பா தவித்தார். "எல்லாம் உன் நகைட்டி!"

"தெரியும் அண்ணே. என் நகைதான? அடிச்சா அடிக்கட்டும்" என்றாள் அத்தை. "பால் பொங்கப் போவுது. சாமிக்கு வச்சிட்டுப் பைய போவோம்."

அவ்வளவு சாவதானமாக அத்தை பேசி நான் கேட்டதில்லை. அப்பா வேனுக்கும் பானைக்குமாக நடந்தார். அத்தை படைத்து, கும்பிட்டு, எல்லோருக்கும் இலையில் பரிமாறி, தானும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்ட பிறகுதான் வேன் கிளம்பியது.

வீடு வந்து சேர்ந்தபோது சைரன் ஓய்ந்து, சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. முன்பூட்டு அப்படியே இருந்தது. பின்கதவும் அப்படியே. முன்னறையில், சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த வாழைப்பழத்தில் பாதியைத் தின்றுவிட்டு, ஒரு அணில் எங்களைக் கண்டதும் ஜன்னல் வழியாக ஓடியது. அப்பா பீரோவைத் திறந்து நகைப்பெட்டியைப் பார்த்தார். எல்லாம் இருந்தது.

"ஒரு ஆள் இல்ல, தெருவுலயும் ஒரு ஈ காக்கா இல்ல. வீடு பாட்டுக்கு இருந்திருக்கே!" என்று அப்பா திரும்பத் திரும்ப அதிசயப்பட்டார். சந்தோஷத்தில் எங்கள் எல்லோருக்கும் காபி போடச் சொன்னார்.

அத்தை மட்டும் காபிக்கு வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். பின்கட்டில் பச்சைப் புடவையோடு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்குப் பயமாகிவிட்டது.

"எதுக்கு அத்த அழுவுதிய? நம்ம வீட்ல ஒண்ணுமே போகலையே" என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டாள். "ஆமாட்டி. நான் இல்லாமலே ஒண்ணும் போகலல்லா?" என்றாள். பிறகு, "இதுக்கு முந்தியும் ஒண்ணும் போயிருக்காது, என்னட்டி?" என்று கேட்டாள்.

பெரியவர்கள் யோசனை கேட்டால் நன்றாக யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் யோசித்துப் பார்த்து, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "ஆமா அத்த. நீங்க எங்க கூட வந்திருந்தாலும் ஒண்ணும் போயிருக்காது" என்றேன். ஆறுதல் சொன்னால் அழுகை நிற்க வேண்டும். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, இந்த முறை சத்தமாகவே அழுதாள்.