பத்தர் மடியில் இருந்த மணிகள்

எங்கள் அப்பா யாரையும் நம்பமாட்டார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்துப் பார்த்தே வந்த குணம் அது. மழையில் நனைந்து அம்மா பறித்துக் கொண்டுவரும் கொழுந்தில், ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழித்துக்கொண்டே போவார். அவரிடம் ஆத்திரத்தைக் காட்ட முடியாது. அதனால் அப்பா அதைக் கருவாட்டுக் கடையில் காட்டிவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பத்தர் ஒருவர் தங்கவேலை செய்ய வந்தால் கேட்கவா வேண்டும்?

அப்பாவின் தங்கை, என் அத்தைக்கு, றொசல்லப் பக்கம் மாப்பிள்ளை அமைந்திருந்தது. தோடு போடாமல் பெண்ணை அனுப்பினால் மானம் போய்விடும். வீட்டில் இருந்த தங்கம் அம்மாவின் மணிமாலை ஒன்றுதான். அதை உருக்கித் தோடு செய்துவிடலாம் என்றார் அப்பா. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அண்ணிக்கு நகையை விட மனசில்லை என்று அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

தங்கத்தைப் பத்தரிடம் கொடுத்துவிட்டு வருகிற வழக்கம் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கிடையாது. பத்தர்தான் வீட்டுக்கு வரவேண்டும். வேலை முடியும்வரை வீட்டு ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்க்கவேண்டும். அவர் கை கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்டமாட்டார்கள். துணியில் வடிகட்டித் தங்கத்தூள் இருக்கிறதா என்று தேடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையிலிருந்து பத்தர் வந்து எங்கள் வீட்டு முன்புற இஸ்தோப்பில் தங்கம் உருக்கும் உமிச்சட்டியை வைத்து உட்கார்ந்தார். மெலிந்த மனிதர். அடிக்கடி இருமினார். அப்பா மாலையின் நூலை அறுத்து, மணிகளைப் பத்தரின் சின்னத் தராசில் ஒரு தட்டில் போட்டார். மறு தட்டில் எடைக்கல்லாகக் குண்டுமணி விதைகளைப் போட்டு நிறுத்தார். இரண்டும் சமமானதும் குண்டுமணிகளைத் துணியில் முடிந்து தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

காவலுக்கு என்னை உட்காரவைத்தார். எனக்கு எட்டு வயது.

"அவரு எதையாச்சும் ஒளிச்சா சத்தம் போடாத. வேல முடிஞ்சப்பொறம் எங்கிட்ட சொல்லு. யாரு கூப்புட்டாலும் எந்திரிக்காத," என்றார் காதோடு.

பத்தரைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த மனிதர் திருடாமல் போயிருந்தால் அப்பா மிகவும் ஏமாந்திருப்பார்.

அப்பா பீடி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம். பத்தர் மணிகளை ஒவ்வொன்றாக உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். மூன்று மணிகளை மட்டும் மறுபடியும் தேய்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிளேன்டீ கொண்டுவந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு என்னைப் பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்துவரச் சொன்னாள். நான் அசையவில்லை. இரண்டாம் தடவை கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். இந்த ஆள் அம்மாவையும் மயக்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் பத்தரின் கை மூன்று மணிகளோடு மடிக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் தோடு தயாரானது. அத்தைக்கு வாயெல்லாம் பல். அப்பா தோட்டை ஒரு தட்டில் வைத்து, தன் குண்டுமணிகளை மறு தட்டில் கொட்டினார். தோடு இருந்த தட்டு மேலே போய் நின்றது.

"சேதாரம்ங்க. பழைய நகை, நெருப்புல கொஞ்சம் போயிருச்சு," என்றார் பத்தர்.

நான் அப்பாவிடம் பார்த்ததைச் சொன்னேன். அப்பா பத்தரின் மடியை உதறவைத்தார். மூன்று மணிகளும் தரையில் உருண்டன. அவற்றையும் தோட்டோடு சேர்த்து வைத்ததும் தராசு நேராக நின்றது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

லயமே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு வார்த்தை ஏசினார்கள். பத்தர், "தப்புத்தாங்க," என்று மட்டும் சொன்னார். அடுத்தடுத்த தோட்டங்களுக்கும் செய்தி போய், அந்தப் பக்கத்தில் அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. மணிகளை அம்மா அவசரமாகப் பொறுக்கிக்கொண்டாள். அவை பிள்ளைக்கு இருக்கட்டும் என்று என்னைக் காட்டினாள். காவல் காத்ததற்குக் கூலி என்று அப்பாவும் சிரித்தார்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது அந்த மணிகளைக் கேட்டேன். அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவை முலாம் பூசிய பித்தளை. இந்தியாவுக்குக் கப்பலேறிய தன் தங்கையின் கையில், அப்பாவுக்குத் தெரியாமல் அசல் மணிகள் மூன்றைக் கொடுத்துவிட்டு, திருவிழாக் கடையில் வாங்கியதைக் கோத்து வைத்திருந்தாளாம். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அம்மாவை வீட்டில் வைத்திருக்கமாட்டார். பித்தளை சேர்ந்தால் தோடு கெட்டுவிடும் என்றுதான் பத்தர் ஒதுக்கியிருக்கிறார். உரைத்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அம்மாமேல் எனக்கு வந்த கோபம் லேசில் தீரவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? எல்லோரும் ஏசிக்கொண்டிருந்தபோது அம்மா ஒருத்திதான் பேசவில்லை. பெட்டியைத் தூக்கும்போது பத்தர் அவளை ஒருதரம் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். திருடனோடு பேசுவது கேவலம் என்றுதான் அம்மா பேசாமல் நிற்கிறாள் என்று நினைத்து, நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, அவளைப் போலவே வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.