அக்காவின் பெயரை வெட்டிய நாள்

டயகமத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் ஐயா தொழிலாளர் பெயர் பதிந்த செக்ரோல் புத்தகத்தைத் திறந்து, அக்காவின் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளனாகிவிட்டவனின் அக்கா இன்னும் கொழுந்துக் கூடை சுமப்பதா என்ற வீறாப்பு எனக்கு. பெயரை வெட்டினால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயக் காம்பராவும் கைவிட்டுப் போகும் என்று தெரியும். தொலையட்டும் என்றுதான் நினைத்தேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைப் படிக்கவைத்தவள் அக்கா. கல்யாணம் பற்றிப் பேச்செடுத்தவர்களை வாயாலேயே விரட்டினாள். மலையில் அவள் குரல் கொடுத்தால் அடுத்த மலையில் நிமிர்ந்து பார்ப்பார்கள். கொழுந்து நிறுக்கும்போது கங்காணி அவளிடம் அடக்கித்தான் வாசிப்பார். உடம்புக்கு முடியாத நாளிலும் காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விடுவாள். கேட்டால், “பெரட்டுல பேரு கூப்பிட்டா காச்சலும் ஓடிரும்டா” என்பாள்.

கொழும்பு மாடிவீட்டில் அந்தக் குரல் இரண்டே மாதத்தில் அடங்கிவிட்டது. விடியுமுன் எழுந்து தலைவாரி, போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சோறு பாதிக்கு மேல் இறங்காது. டாக்டர் நோய் எதுவும் இல்லை என்றார். “என்னையத் தோட்டத்துலயே கொண்டுபோய் விட்டுருடா தம்பி. இங்க என்னைய யாருமே கூப்பிட மாட்டேங்கிறாங்க,” என்றாள். போகப் போகப் பழகிவிடும் என்று நான் ஆறுதல் சொன்னேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

அணுக்கருவுக்குள் துகள்களின் குணம் எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. நியூத்திரனைத் தனியே வெளியில் எடுத்தால் கால் மணி நேரம் தாங்குவதே பெரும்பாடு, தானாக உடைந்துவிடும். அதே நியூத்திரன் அடுப்புக்கரியின் அணுக்கருவுக்குள் மற்றவற்றோடு நெருக்கிக்கொண்டு யுகயுகமாக இருக்கும். அங்கே அதன் எடைகூடத் தனியாக இருந்தபோது இருந்த எடையல்ல. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இதை அவளிடம் பெருமையாக விளக்கினேன்.

“அதோட கஷ்டமெல்லாம் ஒனக்கு நல்லாத் தெரியுதுடா,” என்றாள்.

அன்றுதான் உறைத்தது. மறுநாளே கிளாக்கர் ஐயாவுக்குப் போன் செய்தேன். காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று, இந்த வயதில் மறுபடி பெயர் பதியவும் முடியாது என்றார். அதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எப்படா போறோம் என்று கேட்கும்போதெல்லாம் வருகிற மாதம் என்றேன். அவள் நம்பினாள். அப்படி ஒரு மாதம் வருமுன், ஒரு மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் இந்தப் பாடம் நடத்தினேன். எங்கள் மலைப்பக்கத்துக் கொட்டகலையிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

“சேர், வெளிய வந்த நியூத்திரனத் திருப்பி உள்ள சேத்துட்டாத் தப்பிச்சிருங்களா?”

“தப்பிக்கும்மா. உடையிறதுக்கு முந்திச் சேத்துடணும்.”

அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.