கண்ணாடி பிடிக்கும் முறை

1944 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் எழுந்து மாடுகளுக்குத் தீனி வைத்தேன். மாடுகளைக் கவலை ஏற்றத்தில் பூட்டி, வெயில் ஏறும்வரை கேழ்வரகுப் பாத்திகளுக்கு நீர் இறைத்தேன். குளித்துவிட்டுக் களியும் கீரையும் சாப்பிட்டேன். பிறகு வண்டிச் சக்கரத்துக்கு மை போட உட்கார்ந்தேன். அன்று வேறொரு வேலையும் வைத்திருந்தேன். வீட்டிலிருந்த அந்த பல்பை உடைத்துவிடுவது.

மாரண்டஹள்ளிக்கு டூரிங் டாக்கீஸ் வந்ததிலிருந்து எங்கள் தெருப் பிள்ளைகள் கூடாரத்தின் பின்னால் கிடக்கும் பிலிம் துண்டுகளைப் பொறுக்கி வந்தார்கள். அங்கே தூக்கிப் போட்ட பல்பு ஒன்றின் உள்ளே இருந்ததைத் தட்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினார்கள். எங்கள் வீட்டுத் தானிய அறையை இருட்டாக்கி, கதவிடுக்கில் பிலிமையும் அதற்கு முன்னால் பல்பையும் பிடிப்பார்கள். வெளியே ஒருவர் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பினால், சுவரில் கட்டிய என் வேட்டியில் படம் பெரிதாக விழும். நொண்டியாட்டமும் சடுகுடுவும் அந்தக் கோடையில் நின்றே போயின.

மற்ற பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் மகளுக்கு மாசியில் விஷக்காய்ச்சல் வந்து போயிருந்தது. காலில் குறையில்லை, நடக்க நடக்கத்தான் வலு வரும், படுத்தே கிடந்தால் சூம்பிவிடும் என்று பாலக்கோட்டு வைத்தியர் சொல்லியிருந்தார். அவளோ காலையில் அந்த அறைக்குள் போய்ச் சாய்ந்தால் பொழுது சாயும்போதுதான் வெளியே வருவாள். அதுவும் தோழிகள் தூக்கி வந்து விட வேண்டும். கெஞ்சினாலும் அதட்டினாலும் எழுந்திருக்க மாட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பல்பை எடுக்கப் போனேன். அறைக்குள் சண்டை. எதிர்வீட்டுச் சிறுமியின் குரல்:

"தெனமும் நாங்களே வெயில்ல வேகணுமா? நீ மட்டும் நெழல்ல குந்திகினு படம் பாப்பியா? இன்னிக்கி உன் மொறை. கண்ணாடிய நீ புடி."

"எனக்குக் காலு ஆவாது புள்ள."

"கண்ணாடிய காலாலயா புடிப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னங்க, கொழந்த வெயில்ல நிக்குது, பாத்துக்கினு இருக்கீங்களே!"

"நிக்குதில்ல? பேசாத இரு" என்றேன்.

மகள் சுவரில் சாய்ந்து கண்ணாடியைத் திருப்பினாள். உள்ளே ஆரவாரம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மேற்கே நின்ற புளியமரத்தின் நிழல் வாசலில் ஏறிவந்து கண்ணாடியை மூடியது.

"இருட்டாயிருச்சு! தூங்கிட்டியா?"

"இருங்கடி, கத்தாதீங்க!"

வெயில் இருந்த இடம் சுவரைவிட்டுத் தள்ளி இருந்தது. அவள் சுவரை விட்டாள். கண்கள் கண்ணாடியிலேயே இருந்தன. கால்கள் தடுமாறின. வெயிலைத் தொட்டதும் நின்று, கண்ணாடியைச் சாய்த்தாள். மறுபடி ஆரவாரம். நிழல் விடாமல் வந்தது. அவளும் விடாமல் நகர்ந்தாள். வாசலின் நடுவுக்கு வந்தாள், அங்கிருந்து வைக்கோல் போர்வரை போனாள். பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. அது அவளுக்குத் தெரியவும் இல்லை.

"இப்பத் தெரியுதாடி?" என்று அதட்டலாகக் கேட்டாள்.

"நல்லாத் தெரியுது! அப்பிடியே நில்லு!"

என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கவலை மாடு ஓட்டும்போது வருவதுபோல் பெருங்குரலில் கூவத் தோன்றியது. கூவியும் விட்டேன். மாடுகள் மிரண்டன. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தாள். பயந்து உட்கார்ந்துவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் கண்ணாடியை என் முகத்துக்கு நேராகத் திருப்பி, கண் கூச அடித்துச் சிரித்தாள்.

பல்பை நான் உடைக்கவில்லை.

மறுநாள் காலை, நான் மாட்டுக்குத் தீனி வைக்குமுன், அவள் முதல் வேலையாகத் தெருவின் குறுக்கே நடந்து போய், எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தோழியை எழுப்பினாள்.