தேரோட்டத்தன்று ஓர் இன்டர்வியூ

எண்பதுகளின் தொடக்கம், சித்திரை மாதம். மதுரை மேலமாசி வீதியில் விவசாயிகளுக்கு பம்ப்செட் விற்கும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. காலை பத்து மணிக்கு வரச்சொல்லி கார்டு வந்திருந்தது. தேதியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குத்தான் மீனாட்சியம்மன் தேரோட்டம்! தேர் சுற்றுவதே மாசி வீதிகளில்தான். மதுரைக்காரர் யாரும் அன்றைக்கு அங்கே ஒரு சைக்கிளைக்கூட உருட்ட நினைக்க மாட்டார்.

ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. எங்கள் ஊர் திருவாதவூர். சொந்தமாக நிலம் கிடையாது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு அம்மாவோடு களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். "இம்புட்டுப் படிச்சும் களக்கொத்துதானா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போயிருந்தது. இந்த வேலையை விட்டால் அடுத்த கார்டு எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்?

விடிந்ததுமே கிளம்பிவிட்டேன். பஸ்ஸை கோரிப்பாளையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வைகைப் பாலம் தாண்டி நடந்தால், போகப் போக ஒரே தலைகள். வெயிலுக்கு இதமாக மாடிகளிலிருந்து தேர் இழுப்பவர்கள் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். அதில் பாதி என் மேல். சர்டிஃபிகேட் இருந்த மஞ்சப்பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. தேர் கடந்து, நான் ஆபீஸ் படி ஏறும்போது உச்சிவேளை.

வாசலில் சட்டைக் கையை மடித்துவிட்டபடி ஒருவர் நின்றிருந்தார். கிளார்க்காக இருக்கும் என்று நினைத்தேன். "பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோமே?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ!

"தேரன்னிக்கு மாசி வீதியில இன்டர்வியூ வச்ச மகராசன் யாரு சார்? அவர ஒரு தடவ இந்தக் கூட்டத்துல நடந்து வரச் சொல்லுங்க. அப்பத் தெரியும்!"

அவர் மெதுவாக, "நான்தாம்மா. மேனேஜர்" என்றார்.

போச்சு, இனி களைக்கொத்துதான் என்று முடிவே செய்துவிட்டேன். அவரோ உள்ளே திரும்பி ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டார். மேனேஜர் மெட்ராஸிலிருந்து மாற்றலாகி அப்போதுதான் வந்தவராம். தேர் என்றால் கோயிலை ஒட்டிச் சின்னதாகச் சுற்றி வரும் என்று நினைத்திருந்தாராம்.

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். நீங்களே தேதி போட்டுட்டீங்க… அதான் சொல்லல."

மற்ற யாரும் வந்து சேரவில்லை. பயந்துகொண்டேதான், "பாவம் சார், அவுகளும் கூட்டத்துல மாட்டியிருப்பாக. இன்னொரு நாள் வச்சிருங்க" என்றேன். அப்படியே வைத்தார். அந்த மறு இன்டர்வியூவுக்கு வந்தவர்களில் என்னைவிட வேகமாக அடித்தவர்கள் இருந்தார்கள். நான் அடித்ததில் இரண்டு மூன்று பிழைகள் வேறு. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"வேகம் பழகப் பழக வந்துடும். தப்பைத் தப்புன்னு சொல்ற ஆள்தான் எனக்கு இங்க இல்லை" என்ற மேனேஜர், "ஆனா கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா" என்று சிரித்தார். அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால், வெட்கமே இல்லாமல்.

பின்னாளில் அதே கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "அது சரியா வராது மேடம்" என்று யாராவது முகத்துக்கு நேரே சொன்னால் எனக்கும் சுருக்கென்று கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டு ஒருவருக்கு வேலை கொடுப்பதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது, அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.