கேமரா மேல் விழுந்த துண்டு

கடைக்குள் வந்த மாமா முதலில் என்னைப் பார்க்கவில்லை. மேலே இருந்த கேமராவைத்தான் பார்த்தார்.

"இன்னா பாப்பா... இதுல யாருனா நம்மளப் பாத்துக்கினே இருக்காங்களா?"

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் ஒரு சின்ன மருந்துக் கடை வைத்திருப்பது, இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போர்டில் கடையின் பெயருக்குக் கீழே என் பெயர், பக்கத்தில் பி.பார்ம். எழுத்து கொஞ்சம் பெரிசுதான். இருக்கட்டுமே!

கொஞ்ச நாளாக எங்கள் தொழிலில் ரூல்ஸ் மேல் ரூல்ஸ். கேமரா வை. டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் சிரப் கொடுக்காதே. மருந்துக்கு வரி குறைந்ததும் ஆளாளுக்கு பேப்பரோடு வந்து, "குறைச்சியாம்மா?" என்று நின்றார்கள். எங்கள் தெரு ரிட்டயர்டு வாத்தியாரோ, பில்லில் பேட்ச் நம்பர் சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். இல்லாவிட்டால் இன்சூரன்ஸில் அவருடைய க்ளெய்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். போதாததற்கு எதிரே ஒரு பெரிய கடை, கண்ணைப் பறிக்கும் டிஸ்கவுன்ட் போர்டோடு.

புலம்பலாம்தான். ஆனால், ஒரு ரூல் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மருந்தாளுநர் கடையில் இல்லாத நேரத்தில் வியாபாரம் கூடாது என்கிற ரூல். அது முன்பே இருந்ததுதான். இப்போதுதான் ஆபீசர்கள் வந்து வந்து பார்க்கிறார்கள்.

ஏன் பிடிக்கும்? நான் படித்து முடித்ததும் ஒரு கடைக்காரர் வீடு தேடி வந்தார். சர்டிஃபிகேட்டை மட்டும் கொடு, சுவரில் மாட்டிக்கொள்கிறேன், நீ வீட்டிலேயே இரு, மாதாமாதம் வாடகை வரும் என்றார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "வேலைக்கே போவாம சம்பளமா!"

நான் முடியாது என்றேன். என் பெயர் எங்கே தொங்குகிறதோ, அங்கே நானும் இருப்பேன்.

சரி, மாமாவுக்கு வருவோம். அம்மாவின் தம்பி. திருவக்கரைப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறார். டாக்டரிடம் போகவே மாட்டார். கேட்டால், "நம்ம வூட்டுலயே மெடிக்கல் இருக்குது, எனுக்கு எதுக்கு டாக்டரு?" என்பார். நான் படித்ததே, மாமா ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருக்கத்தானாம்!

"பாப்பா, முட்டி வலிக்கு ஒரு செட்டு குடு."

செட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாலைந்து மாத்திரையைக் கத்தரித்து, சின்ன கவரில் போட்டுக் கொடுப்பது. எந்த மாத்திரைக்கும் பெயர் தெரியாது. எந்த டாக்டரும் எழுதியிருக்க மாட்டார். ஆனால் வலி பறந்துவிடும்.

"இத்தினி நாளா எங்க மாமா வாங்கினே?"

"நம்ம ஊரு கடையிலதான். அவன் போன வாரம் இழுத்துப் பூட்டிட்டான். சுவத்துல மாட்டி வச்சிருந்த சர்டிபிகேட்டுக்காரன் மெட்ராஸ்ல இருக்கானாம், ஆபீசருங்க வந்து புடிச்சிட்டாங்க. செட்டு நின்னதுலருந்து எழுந்தா கிர்ருனு வருது. சோறு எறங்கல. ரெண்டு வாட்டி வாந்தி. அந்தச் சின்ன வெள்ள மாத்திர வுள்ள போனாத்தான் பாப்பா எனுக்கு உசுரு."

சின்ன வெள்ளை மாத்திரை! அது எதுவாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருந்தாலும் சுலபமான பதிலைத்தான் முதலில் எடுத்தேன்.

"கேமரா இருக்குது மாமா. சீட்டு இல்லாம குடுத்தா மாட்டிக்குவேன்."

மாமா யோசிக்கவே இல்லை. தோளிலிருந்த துண்டை உருவி, ஸ்டூல் மேல் ஏறி, கேமரா மேல் போட்டு மூடினார்.

"இப்பக் குடு."

வாத்தியார் உட்பட கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. துண்டு போட அவர் கையைத் தூக்கியபோது சட்டைக் கை மேலே ஏறியது. வெயிலில் உழைத்த கை, குச்சியாகியிருந்தது. தோல் காகிதம் மாதிரி. அங்கங்கே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. முகம் மட்டும் வட்டமாக, பூரிப்பாக. போன பொங்கலுக்குத்தான் எல்லாரும் சொன்னோம், மாமா நல்லா தேறிட்டார் என்று. தேறவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை ஊதிவிட்ட முகம் அது.

"மாமா, கேமராவே இல்லன்னாலும் குடுக்க மாட்டேன்."

"காலேஜுல சேர வண்டியில வச்சி உன்ன இட்டுக்கினு போனது யாரு? ஒரு மாத்திரைக்கு ரூல்ஸு பேசுறியா நீ?"

"சொந்த மாமாவுக்கே இல்லையா? அப்ப என் கதி?" என்றார் வாத்தியார்.

மாமா துண்டை எடுக்கக்கூட இல்லை. விருட்டென்று திரும்பினார். ரெண்டாவது படியில் கால் தடுமாறி, ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

மனுஷன் நடிக்கவில்லை. இந்த மாத்திரையை மாசக்கணக்கில் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்துவிடும். உயிருக்கே ஆபத்து. செட்டு கொடுத்தால் தப்பு. கொடுக்காமல் ஊருக்கு அனுப்பினால் அதைவிடத் தப்பு.

சாயந்திரம். வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். கவுண்டரில் ஆள் நிற்கிறது, எதிர்க் கடையில் லைட் ஜொலிக்கிறது. நான் போனால் கடையை மூடித்தான் ஆக வேண்டும்... எனக்குப் பிடித்த அதே ரூல்!

வாத்தியார் எழுந்தார். "நீ கெளம்பும்மா. எனக்கு நாளைக்கு வரைக்கும் மாத்திரை இருக்கு." சொல்லிவிட்டு, ஷட்டரை இழுக்கக் கையும் கொடுத்தார்.

ஆட்டோவில் மாமா முறைத்துக்கொண்டே வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் செட்டு, வெள்ளை மாத்திரை, நிறுத்திய விஷயம் எல்லாவற்றையும் சொன்னேன். பி.பி. ரொம்ப இறங்கியிருந்தது. உடனே ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சர்க்கரை வேறு ஏறியிருப்பது தெரிந்தது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். மாமா அப்போதுதான் முறைப்பதை நிறுத்தினார்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக என் கடைக்குத்தான் வந்தார். கையில் டாக்டர் சீட்டு. மாத்திரையை எடுத்து வைத்தேன். மாமா உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இதுவும் சின்ன வெள்ள மாத்திரதானே? அன்னிக்கே குடுத்திருந்தா இந்தப் பேஜாரெல்லாம் வந்திருக்குமா?"

"அதே ஜாதிதான் மாமா. ஆனா செட்டுல அதுக்கு முடிவே இல்ல. இந்தச் சீட்டுல இருக்குது பாரு... டாக்டர் சொல்லச் சொல்ல கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சிக்கினே வந்து, கடைசியில நிறுத்திடணும். நடுவுல நீயா நிறுத்தக் கூடாது."

மாமா சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

படிப்பு நமக்கு என்ன தருகிறது என்று கேட்டால், முன்பெல்லாம் நான் போர்டைக் காட்டியிருப்பேன். நம் ஆட்களிடம் "முடியாது" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறமும் அவர்களோடேயே ஆட்டோவில் ஏறுகிற தைரியத்தை இப்போது சொல்வேன்.

செக்கப்புக்கு வருகிற நாளெல்லாம் மாமா என் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மாமாவின் முகம் சின்னதாகிக்கொண்டே வருகிறது. எங்களுக்கெல்லாம் அதில் ஒரே சந்தோஷம். நேற்று ஒரு லோடு ஆட்டோ டிரைவர் வந்தார்.

"யக்கா, ஜல்தியா ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு."

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "சீட்டு இருக்குதா? ஆஸ்பத்திரி அதோ, ரெண்டு தெரு தள்ளி. போய்க் காட்டிக்கினு வா. சொந்த மாமனுக்கே குடுக்கல இந்தப் பொண்ணு. உனுக்குக் குடுத்துடுமா?"

இப்போது என் கடையில் கேமரா ரெண்டு. ஒன்று தோளில் துண்டு போட்டிருக்கும்.