அடுப்பெரிந்தால் அம்மா சுகம்

என் மகன் கனடாவில் பற்றறி இல்லாத கருவிகள் செய்கிறான். சூடு, வெளிச்சம், அதிர்வு என்று வீணாய்ப் போவதில் கொஞ்சத்தைக் கிள்ளி எடுத்தே அவை வேலை செய்யுமாம். போன வருடம் யாழ்ப்பாணத்துக்கு, உடுவிலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தவன், என் விறகடுப்பின் பின்சுவரில் தீப்பெட்டியளவு ஒன்றைப் பொருத்தினான். அடுப்பெரிந்தால் அந்தச் சூட்டிலேயே அது உயிர்த்து, ஹோலில் இருக்கும் இன்டர்நெட் பெட்டி வழியாக அவனுக்குச் செய்தி அனுப்பும்.

"உதுக்குப் பற்றறி மாத்தத் தேவையில்லை அம்மா. நீங்கள் சமைச்சால் காணும். சுகமா இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரிஞ்சிடும்."

ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், அடுப்பெரியாத நாளில் கருவியும் ஊமை என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் பிள்ளை ஆசையாகச் செய்ததைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. மிளகும் தண்ணீருமாக ஆறு நாள் விரதம், அடுப்புக்கும் விடுமுறை. இரண்டாம் நாள், போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலில் புராணபடனம் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் முற்றம் நிறைய ஆட்கள். குசினிக் கதவு அப்போதுதான் உடைந்து கிடந்தது. உள்ளே தேடி முடிக்குமுன்னமே, செத்தவீட்டுப் பந்தலுக்குச் சொல்லவா என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் சின்ன ஏமாற்றம். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"உங்கடை மகன்தான் ரீச்சர் போனெடுத்தவர். நேற்றிலிருந்து அடுப்பு எரியேல்லையாம், கதவை உடைச்சுப் பாருங்கோ எண்டவர்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் சாகேல்லை பிள்ளை. கதவுதான் செத்துப்போச்சு," என்றேன். வந்த கோபத்தில் விரதம் பாதி கெட்டது.

மகனோ போனில் என்னையே கோபித்தான். "நான் இஞ்சை எவ்வளவு பயந்துபோனன். இன்னொருக்கா இப்பிடி நடந்தால் வீட்டை வித்துப்போட்டு உங்களை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

அது வெறும் வெருட்டல்ல, செய்வான். அங்கே ஓர் அறைக்குள் இருந்து யன்னலால் பனி பார்க்க எனக்கு விருப்பமில்லை. என் வீட்டிலேயே சாகத்தான் விருப்பம், அதுவும் மெய்யாகச் சாகும்போது. அதனால் அன்றிலிருந்து விரத நாளிலும் வெறும் தண்ணீர்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். நான் பட்டினி கிடக்கலாம், கருவி கிடக்கக்கூடாதே.

மார்கழியில் காய்ச்சல் வந்து பாயில் விழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரி விடியவே வந்துவிட்டாள். கஞ்சி, கொத்தமல்லித் தண்ணீர், உடம்பு துடைக்க வெந்நீர் என்று பின்னேரம் வரை என் அடுப்பு அணையவே இல்லை. மகனுக்குச் சொல்லவா என்று கேட்டாள்.

"சொன்னால் வீடு போயிடும் பிள்ளை," என்றேன்.

பின்னேரம் அவனே கூப்பிட்டான். "விடிய இருந்து அடுப்பெரியுது. பலகாரம் சுடுறியளோ அம்மா?" அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"ஓம் மோனை, மோதகம் அவிச்சனான்," என்றேன். தொண்டை கட்டிக் குரல் கரகரத்தது. கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் கண்டுபிடிக்கவில்லை. வீடு தப்பியது. போனை வைத்த பிறகு, என்ன அம்மா குரல் ஒருமாதிரி இருக்கு என்று ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று அழுதேன்.