நாற்பது சொட்டு ஹார்டனர்

அம்மாவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தார். முப்பது வயது ஆளுக்குப் பொம்மைக் கார் எதற்கென்று காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவே சிரித்தது. அவர் முன்னால் யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் கோபம் அப்படி. அப்பாவோடு நாலு வருஷம் பேசாமலிருந்து, அந்த மாதம்தான் எங்கள் வீட்டுப் படியேறியிருந்தார்.

காரின் அடித்தகடு கார்பன் ஃபைபர். கருப்பாக, பாய் பின்னியதுபோல் இருக்கும். வேலூரில் நண்பர் வீட்டுக்குப் போகுமுன் அதை எங்கள் அலமாரிமேல் வைத்து, "சனிக்கெயம வந்து எத்துக்கறேன். யாராவது தொட்டீங்கோ, கைய ஒட்ச்சிருவேன்" என்றார். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை நான் ஒருத்திதான். யாரைச் சொன்னார் என்று யோசிக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தெருவில் ஓட்டினேன். கார் நேராகப் போய் அடிபம்பின் மேடையில் மோதியது. சடக்கென்று ஒரு சத்தம். தகட்டின் முன்பக்கம் அடுக்கடுக்காகப் பிளந்து கிடந்தது.

காரை அலமாரிமேல் வைத்துவிட்டேன். ஆனால் அத்தையிடம் தப்ப முடியவில்லை. அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில் வயலுக்குப் போகாமல் கம்பெனிக்குப் போன முதல் பெண். திருமழிசையில் ஃபைபர் தொட்டி செய்யும் பட்டறை. காலை ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள் என்பதால் பள்ளிக்கு எனக்கு அம்மாதான் தலை பின்னுவாள், பிடுங்கிப் பிடுங்கி. அன்றிரவு சோறு பிசையும்போது என் விரலில் ஏறியிருந்த கருப்புச் சிலாம்பை அத்தை பார்த்துவிட்டாள். அவள் கையில் தினமும் ஏறுவதாயிற்றே.

"இன்னாடி பண்ணே? உண்மைய சொல்லு."

சொன்னேன். காரை இறக்கித் தடவிப் பார்த்தாள். "எங்க சரக்கு மாதிரிதான் கீது. ஒட்டிரலாம். அயாத."

பட்டறையிலிருந்து துரும்பைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். வியாழனன்று அத்தை ஒரு சிரப் பாட்டிலில் ரெசின் பிசினும், கண்மருந்து டப்பியில் அதை இறுகவைக்கும் ஹார்டனரும், கண்ணாடிநார்த் துணி கொஞ்சமும் சோற்று டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாள். எனக்கு அது திருடன் போலீஸ் விளையாட்டு மாதிரி இருந்தது.

உடைந்த இடத்தை உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்தாள். ரெசினை ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. "பத்து சொட்டு உடு. அதுக்கு மேல ஒண்ணுகூட கூடாது" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு ஓடினாள்.

பத்துச் சொட்டுக்குக் காலையில்தான் இறுகுமாம். மாமா முன்னாலேயே வந்துவிட்டால்? ஐந்து ஆள் இருபது நாளில் கட்டும் சுவரைப் பத்து ஆள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்ற கணக்கு பள்ளியில் அப்போதுதான் நடந்திருந்தது. நாற்பது சொட்டு விட்டேன்.

கிண்ணம் சுட்டது. பிறகு கொதித்தது. புகை மூக்கை எரித்தது. அத்தை திரும்பி வந்தபோது ரெசின் கல்லாகி, நடுவே வெடித்திருந்தது. அவள் அடித்திருக்கலாம். கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் புழக்கடையில் வைத்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கி இன்னொரு வாட்டி எத்தாறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளி விட்டு வரும்போதே அத்தை வீட்டில் இருந்தாள். கையில் சிரப் பாட்டில். மூலையில் ஒரு பை. பட்டறையிலேயே வைத்திருக்கும் பழைய புடவை, செருப்பு, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் அதில் இருந்தன.

"சீக்கிரமே அனுப்ச்சிட்டாங்களா அத்தை?"

"ஆமா. பாட்டிலுக்கு கூலில புட்ச்சிகினு உட்டுட்டாங்க. போய் பால் கவர் ரெண்டு எத்துகினு வா."

இந்த முறை சொட்டுகளை அவளே எண்ணினாள். துணியை ரெசினில் நனைத்து ஒட்டி, பிசின் பிடிக்காமலிருக்கப் பால் கவரை இரண்டு பக்கமும் வைத்து, மேலே செங்கல் ஏற்றினாள். காலையில் மறுபடி தேய்த்து, கருப்பு மை பூசினாள்.

மாமா சாயங்காலம் வந்தார். வந்ததும் காரைத் திருப்பித் தகட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். விரல் ஒட்டுப்போட்ட இடத்தில் நின்றது. நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாக்கா, இம்மாம் தூசி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஊதித் துடைத்துப் பையில் வைத்தார். அப்பா அவரை இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஞாயிறன்று அப்பா அத்தையைக் கூடத்தில் நிற்கவைத்துக் கத்தினார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. என் பெயர் அவள் வாயில் வரவேயில்லை.

திங்கட்கிழமை ஏழு மணி பஸ் போனபிறகும் அத்தை வீட்டில்தான் இருந்தாள். எண்ணெய் வைத்து, வலிக்காமல், இரட்டைச் சடை பின்னிவிட்டாள். செவ்வாயும் பின்னினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தைக்குப் பெரிய லீவு விட்டிருக்கிறார்கள் என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். அந்த லீவு முடியவே கூடாது என்று, பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளையார் கோயில் முன்னால் தினமும் மூன்று தோப்புக்கரணம் போட்டேன்.